பசியாறிட்டுத்தான் வந்தோம் சார்

பாப்பா,

நலமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய். உன் அம்மாவிடம் தினமும் பேசுகிறாய், அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், எனக்கும் காது நன்றாகவே கேட்கிறது. அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாய் என்பதும், அவர்கள் உன்னை எடுத்ததற்குக் காரணம் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ எடுத்த காணொளிதான் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரியும். போவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து அப்பா சமையலைச் சாப்பிட வேண்டும் என்று சொன்னாயாம். அதற்கு முன்னால் நீ இதைப் படிக்க வேண்டும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைச் சொல்லிப் பரிமாற எனக்கு வராது. அப்பா கோபமாக இருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டாய். கோபம் வந்து போய்விட்டது. நீ என்னை ஏமாற்றிவிட்டாய் பாப்பா, அதுதான் போகமாட்டேன் என்கிறது.

நீ மறந்துவிட்டாயோ என்று தோன்றுவதால் முதலிலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பென்ஷன் வாங்கும் வரை சமைத்தவன் நான். அங்கே நான் சமைத்ததை யார் சாப்பிட்டார்கள் என்று ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. மூடிய தட்டுகள் வண்டியில் ஏறி வார்டுக்குப் போகும், பாதி தின்றும் தின்னாமலும் திரும்பி வரும். வேலையை விட்ட பிறகு வீட்டில் உட்கார்ந்து உன் அம்மாவின் சாம்பாரில் குறை கண்டுபிடித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஓர் அறவாரியம் ஆள் தேடியது. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் காய்கறி பயிரிடவும், பயிரிட்டதைச் சமைக்கவும் சொல்லித்தர வேண்டும். செவ்வாய் காலை பாத்தியில், வியாழன் காலை அடுப்படியில். பகுதி நேர வேலை. அந்த விளம்பரத்தைப் போனில் எனக்குக் காட்டியதே நீதான். "உங்களுக்குன்னே செஞ்ச வேலைப்பா" என்றாய். அது உண்மைதான், அதற்கு இன்றைக்கும் உனக்கு நன்றி சொல்வேன்.

பள்ளிக்குப் பின்னால் எங்களுக்குக் கொடுத்த இடம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய மண். வெறும் மணல், தண்ணீரை ஊற்றினால் அப்படியே குடித்துவிட்டு இன்னும் கேட்கும். முதலில் போட்ட வெண்டை விதை முளைக்கவேயில்லை, சோளம் கொஞ்சம் தலையெடுத்தது, அதைக் குரங்கு தின்றது. பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது, நான் கேட்காமலேயே, ஒரு நாள் காலையில் ஆலையில் எண்ணெய்க்குப் பழம் எடுத்துவிட்ட வெறும் செம்பனைக் குலைகளை ஒரு லோரி நிறையக் கொண்டுவந்து பாத்தியோரம் கொட்டியவன் சேகர். அந்தத் தோட்டத்தில் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறான், அவன் மகள் தர்ஷினி ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். குலைகள் மக்கி மண்ணோடு சேர்ந்த பிறகுதான் எங்களுக்குப் பயற்றங்காயும் தண்டுக்கீரையும் சர்க்கரைவள்ளியும் வந்தன. இதை உன்னிடம் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். உன் காணொளியில் லோரியும் இல்லை, சேகர் கொட்டிய குலையும் இல்லை.

வியாழக்கிழமைக்கு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஆரம்பத்தில் பிள்ளைகள் காலையில் வீட்டிலேயே நாசி லெமாக்கோ ரொட்டியோ பசியாறிவிட்டு வருவார்கள். எங்கள் பயற்றங்காய்ப் பொரியலை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, வயிறு ஃபுல் சார் என்பார்கள். ஆகவே வியாழக்கிழமை மட்டும் வீட்டில் பசியாறாமல் வர வேண்டும், நாம் விளைத்ததும் சமைத்ததும்தான் அன்றைக்குப் பசியாறல் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியனுப்பினேன். வந்ததும் ஆளுக்கு ஒரு கோப்பை சூடான பால் கொடுத்துவிடுவேன், பிறகு வேலை தொடங்கிவிடும். தாய்மார்களுக்கு ரொம்பச் சந்தோஷம். ஒரு நாளாவது எங்களுக்கு லீவு கிடைத்ததே என்று சிரித்தார்கள். மிச்சம் இருப்பதைச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டுப் பிள்ளைகளிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். நம் ஆட்கள் வீட்டிலிருந்து டப்பா வெறுமனே திரும்பி வருமா? அடுத்த வாரம் ஒன்றில் நாலு எலுமிச்சம்பழம் இருக்கும், ஒன்றில் முருங்கைக்கீரை, ஒன்றில் ஜெராமிலிருந்து மாமா கொண்டுவந்த நெத்திலிக் கருவாடு. அந்த டப்பாக்களைத் திறந்து பார்த்துத்தான் அன்றைக்கு என்ன சமைப்பது என்றே முடிவு செய்வோம். பிள்ளைகள் அதற்காகவே ஓடி வருவார்கள்.

நீ வந்தது தீபாவளிக்கு முந்தைய வாரம். கேமராவோடும் ஒரு சிநேகிதனோடும் வந்தாய். அறவாரியத்துக்கு ஒரு சின்னப் படம் வேண்டுமாம், ஆபீசில் அதை உனக்கே கொடுத்திருக்கிறார்களாம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தலைமையாசிரியரிடம், எனக்குப் பால் காய்ச்ச உதவும் அம்மாவிடம், தோட்டத்து லய வீடுகளின் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் இது என் மக, என் மக என்று சொல்லிக்கொண்டே உன்னைக் கூட்டிப்போனேன். தர்ஷினி உன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தன் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்றாள். சேகர் வீட்டில் அன்று தீபாவளிக்காகச் சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படிச் சாமான் எல்லாம் வாசலில் கிடந்தது. அரிசி டின்னைத் தூக்கி ஓரமாக வைத்தது யார்? நீதான். கையில் சாயம் ஒட்டிக்கொண்டது என்று சிரித்தாயே.

தீபாவளி முடிந்து காணொளி வந்த அன்று உன் அம்மாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். மெதுவாக ஒரு பியானோ. செம்பனை மரங்கள். பிறகு தர்ஷினியின் முகம், கீழே ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுத்து. "நான் வூட்ல பசியாறாமதான் வருவேன்" என்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வேறு ஏதாவது சொன்னாளா என்று தெரியாமல் படம் சேகருடைய அடுப்படிக்குப் போகிறது. காலியான தட்டு அலமாரி, காலியான மேடை. பிறகு பள்ளியில் பிள்ளைகள் வேகவேகமாகச் சாப்பிடுவது. கடைசியில் என் முகம், ஒரு தெய்வத்தைப் போல. அலமாரியைப் பார்த்ததும் உன் அம்மா படத்தை நிறுத்தச் சொன்னாள். "அந்தக் கீழ் மூலையைப் பாருங்க, பெயிண்டு டின்னு தெரியுது" என்றாள். நான்தான் உடனே உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை, மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி அனுப்பினாய்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது மட்டும்தான். கோலாலம்பூரிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. பள்ளி வாசலில் மீ நூடுல்ஸ் பாக்கெட்டுப் பெட்டிகளும் அரிசி மூட்டைகளும் இறங்கின. நல்லவர்கள்தான், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, பசித்த பிள்ளை என்றால் யாருக்குத்தான் மனம் கேட்கும். படத்தில் வந்த பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். ஒரு பெண்மணி தர்ஷினியைக் கூப்பிட்டு ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நன்றி சொல்லியிருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடையில் சேகர் வழக்கமாகச் சாமான் வாங்குவான். கடைக்காரர் அன்று காசை வாங்காமல், டுயிட் வேண்டாம், வீடியோ பார்த்தேன், வைத்துக்கொள் லா என்றாராம். சேகர் எடுத்த சாமானை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டான். அந்தக் கடைக்கு அவன் இப்போது போவதில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலையில் நான் பாலைக் காய்ச்சி வைத்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள், யாரும் ஓடி வரவில்லை. டப்பாக்களை மேசையில் வைத்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் பளிச்சென்று கழுவித் துடைத்து, வெறும் டப்பா. ஒன்றில்கூட ஒரு மிளகாய் இல்லை. நான் பாலை ஊற்றப் போனபோது ஒரு பையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "பசியாறிட்டுத்தான் வந்தோம் சார். அம்மா சொல்லச் சொன்னாங்க." மற்றவர்களும் அதையே சொன்னார்கள், மனப்பாடம் செய்து வந்ததைப் போல. தர்ஷினி வரவில்லை. அன்றைக்குக் கீரை பறித்தோம், கடைந்தோம், யாரும் தொடவில்லை. நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்தவன் நான், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். அந்தக் கீரையைப் பாத்தியிலேயே கொட்டி, மண்ணைத் தள்ளி மூடினேன்.

அன்று சாயங்காலம் சேகர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அவர்கள் என்னைப் பேசவிடவில்லை. வாங்கண்ணே உட்காருங்க என்று சொல்லி, சேகர் மனைவி வாழையிலை போட்டாள். கோழிக்குழம்பு, இறால், முட்டை, பொரியல், அப்பளம், இன்னும் என்னென்னவோ. சாதாரண வியாழக்கிழமை, பாப்பா. தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த பெண் அவள். இலையில் ஒன்று தீர்ந்தால் இன்னொன்று வைத்துக்கொண்டே இருந்தாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. வேண்டாம் என்று கையால் இலையை மறைக்க எனக்குத் துணிவு வரவில்லை. வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு அவமானத்தோடு தின்றதில்லை.

நான் கை கழுவி வந்த பிறகுதான் சேகர் பேசினான். சத்தம் போடவில்லை. "உங்க மவளாச்சேன்னுதாண்ணே அடுப்படி வரைக்கும் விட்டோம். வேற யாராச்சும் கேமராவத் தூக்கிட்டு வந்திருந்தா வாசல்லயே நிப்பாட்டியிருப்பேன்" என்றான். அவன் வீட்டுக் கதவைத் திறந்தது உன் கேமரா இல்லை, நான் சொன்ன ஒரு சொல். நீ அதைக் கையிலெடுத்துக்கொண்டு உள்ளே போனாய். தர்ஷினி உள்ளே நின்றுகொண்டிருந்தாள். வெளியே வா என்று அவள் அம்மா கூப்பிட்டதும் வந்து என் பக்கத்தில் நின்றாள். பிறகு, தன்மேல்தான் தப்பு என்பது போல, என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "நான் ஃபுல்லாத்தான் சார் சொன்னேன். ஸ்கூல்ல நாங்களே சமைக்கிறோம்ல, அதான் வூட்ல பசியாறாம வருவேன்னு. சொல்லும்போது சிரிச்சிட்டேன். அக்கா இன்னொரு தடவ சொல்லச் சொன்னாங்க, சிரிக்காம."

சிரிக்காமல். அந்த ஒரு சொல் வரும் வரைக்கும் நான் உனக்காக என் மனதுக்குள் வாதாடிக்கொண்டுதான் இருந்தேன். ஆபீசில் வேறு யாரோ வெட்டி ஒட்டியிருப்பார்கள், மேலே இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள், பாப்பாவுக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்று. நீ நான்காம் ஆண்டு படித்தபோது உன் பள்ளிக்கு யாரோ புத்தகப் பை கொடுக்க வந்தார்களே, நினைவிருக்கிறதா? உங்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். நீ பல்லைக் காட்டிச் சிரித்ததற்கு, சிரிக்காமல் நில்லு என்று சொன்னார்களாம். பையின் மேல் ஏழை மாணவர்களுக்கு அன்பளிப்பு என்று அச்சடித்திருந்தது. நீ வீட்டுக்கு வந்து கறுப்பு மார்க்கரால் அந்த எழுத்தையெல்லாம் தேய்த்து அழித்தாய். மை காயாமல் பையை மாட்டிக்கொண்டு போய், வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் கறுப்பாகித் திரும்பி வந்தாய். அம்மா திட்டியபோது, அழுக்காக இருந்தால் பரவாயில்லை என்றாய். அன்றைக்கு உன்னை நான் எவ்வளவு மதித்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. மற்றவர் யாராவது தர்ஷினிக்கு இதைச் செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடுவேன். அது எப்படி வலிக்கும் என்று தெரிந்த நீ செய்தாய். அதுதான் துரோகம் என்கிறேன். வேறு மெல்லிய சொல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒருவழியாகப் போனை எடுத்தபோது நீ சொன்னதையும் எழுதிவிடுகிறேன், உன் பக்கத்தை மறைத்தேன் என்று ஆக வேண்டாம். "யாரும் பொய் சொல்லலப்பா. அவ சொன்னதத்தான் போட்டேன். எமோஷன் இல்லன்னா யாரும் பாக்கவே மாட்டாங்க லா. இப்ப ராசா, ஜெராம் ரெண்டு ஊரு ஸ்கூல்லயும் தோட்டம் வருது, அது நல்லதா இல்லையா?" என்றாய். நல்லதுதான். நான் ஒத்துக்கொள்கிறேன். அறவாரியத்தில் என்னைக் கூப்பிட்டு அந்தப் பள்ளிகளிலும் நீங்களே ஆரம்பித்து வையுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. கேட்டதும் அன்றைக்கே ராசாவின் மண் எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனால் அங்கேயும் நாளைக்கு ஒரு சேகர் எனக்காகக் குலை கொண்டுவந்து கொட்டுவான், நான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன் உன்னிடம். அது இப்போது என் கையில் இல்லை, அறவாரியத்துக்குச் சொந்தம் என்றாய். அவர்களிடம் நான் போய்க் கேட்டேன். பிரச்சினை எதுவும் வரவில்லையே, எல்லோரும் பாராட்டுகிறார்களே என்றார்கள். அந்தப் படம் இருக்கும் வரைக்கும் புதுப் பள்ளிகளுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அது எனக்கு வருத்தம்தான், வீம்புக்குச் சொல்லவில்லை.

நீ புது ஊருக்குப் போகிறாய், புது வேலைக்கு. அப்பா என்ற முறையில் புத்தி சொல்ல வேண்டிய நேரம் இது, ஆனால் உனக்குத் தெரியாத புத்தி என்னிடம் எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கே யாரையாவது படம் எடுத்தால், அவர்கள் அதைத் தங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள். நன்மை செய்கிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால் நமக்குக் கண் மண் தெரிவதில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்பதே மறந்துபோகிறது. அவர்கள் பசித்தவர்களாக இருந்தாலும் கேட்க வேண்டும். இவர்கள் பசித்தவர்கள்கூட இல்லை, பாப்பா. எனக்கு எரு கொடுத்தவர்கள்.

இனி, இதை நான் உனக்கு மட்டும் ஏன் எழுதவில்லை என்று சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை காலையில் பள்ளி மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். இந்தக் கடிதத்தை அங்கே எழுந்து நின்று வாசிக்கப் போகிறேன், ஒரு வரியையும் விடாமல். பையைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்துத்தான், அது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். தர்ஷினியைப் பற்றி ஊரே பார்த்தது. அது உண்மையில்லை என்று சொல்வதற்கு, அவள் ஊரிலாவது, அவள் அப்பா அம்மா உட்கார்ந்திருக்கும் இடத்திலாவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். கூட்டிப்போனவன் நான், ஆகவே நான் நிற்கிறேன். சேகர் வருவதாகச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்று அவன் மனைவிதான் சொன்னாள். பிள்ளையை மறுபடியும் வியாழக்கிழமைகளில் அனுப்புவார்களா என்று நான் கேட்கவும் இல்லை, கேட்கும் உரிமை எனக்கு இல்லை. உன் அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பெற்ற பிள்ளையைச் சபையில் வைத்து இப்படியா என்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வாசித்த பிறகு நீ இந்த வீட்டுப் படியை மிதிக்காமல் போய்விடுவாயோ என்ற பயம் அவளுக்கு மட்டும் இல்லை.

கூட்டம் ஒன்பது மணிக்கு. உனக்கு வழி தெரியும், கேமரா வேண்டாம். வாசிப்பதற்கு முன்னால், அந்தப் படத்தை எடுத்தது யார் என்று நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில் உன் பெயரைச் சொல்வேன், பிறகு என் மகள் என்று சொல்வேன். போன தடவை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதே சொல்தான். இந்தத் தடவை அது எப்படி என் வாயிலிருந்து வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை. நீ எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றால், அதை நான் தலையை நிமிர்த்திச் சொல்லிவிடுவேன்.

அப்பா